மூன்று வயதுக்குக் கீழே

"குழந்தைச் சாப்பாட்டுப் பெட்டியை மூடுறதுக்கு முன்னால வயசைக் கேளு. வேற எதை மறந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார் எண்ணெய் அண்ணன்.

கோழி பொரிக்கும் சட்டிக்கு முன்னால் பதினேழு வருஷம் நின்றவர். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. கவுன்ட்டருக்கு வந்து ஒன்பது நாளே ஆன அவளுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான்: புதுசு.

"கேக்கறேன்ணே. மூணு வயசுக்குக் கீழன்னா ரப்பர் வாத்து, மேலன்னா சக்கர வண்டி. இதுல என்ன பெரிய வித்தை?"

"வித்தை ஒண்ணுமில்ல. கூட்டத்துல வாய் வராது, அதான். யார்கிட்டக் கேக்காம விட்டாலும் தினம் வர்றாளே, அந்த ரெண்டரைகிட்ட விட்டுடாதே. அவ ஒரு வார்த்தை சொன்னா, சாயந்திரம் தொப்பியைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். உனக்கு முன்னால மூணு பேர் போயாச்சு."

புதுசு சிரிக்கவில்லை. சலவைக் கம்பெனியில் ஈரத்துணி மூட்டை தூக்கி முதுகு போனபிறகு கிடைத்த வேலை இது. பதினைந்து நாள் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார் மேனேஜர். வீட்டில் சம்பளம் கொண்டுவர வேறு ஆள் கிடையாது.

வெளியே, கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பத்துப் பேர் அட்டை பிடித்து நின்றார்கள். குழந்தைச் சாப்பாட்டோடு பொம்மை கொடுக்கக் கூடாதாம். பொம்மையைக் காட்டிப் பிள்ளைகளை எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பழக்குகிறார்களாம்.

"பொம்மையை எடுத்துட்டா இந்தக் கோழியை எவன் திம்பான்? நானே திங்கமாட்டேன்" என்றார் எண்ணெய் அண்ணன்.

பதினொன்றே முக்காலுக்கு ரெண்டரை வந்தாள். கடையில் எல்லோரும் அவளை அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமான உடம்பு. தினமும் தனியாகத்தான் வருவாள். ஒரே ஒரு குழந்தைப் பெட்டி வாங்குவாள். வயது கேட்டால் "ரெண்டரை" என்பாள். கூட்டிப் பெருக்குகிற பெண் இரண்டு வருஷமாக இதைக் காதில் வாங்குகிறாளாம், அந்த வயது ஏறவே இல்லையாம்.

பெட்டியோடு மூலை மேஜைக்குப் போவாள். சாப்பாட்டைத் தொடமாட்டாள். பொம்மையை எடுத்துத் திருகுவாள், இழுப்பாள், கடிப்பாள். பிறகு அதை வாய்க்குள் திணித்துக்கொண்டு கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை மெதுவாக அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து எச்சிலைத் துடைத்து, பொம்மையை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

இன்றைக்கு விடுமுறை. வரிசை கதவைத் தாண்டி நின்றது. ரெண்டரையின் முறை வந்ததும் புதுசின் கை தானாகவே வாத்தை எடுத்துப் போட்டுப் பெட்டியை மூடிவிட்டது.

"கேக்கலையே நீங்க."

"தெரியும்லம்மா, ரெண்டரைதானே? வாத்துதான் வச்சிருக்கேன்."

"கேக்கலையே நீங்க." அதே குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கண் சிமிட்டாமல் புதுசின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்கயே குடித்தனம் நடத்தப் போறீங்களா?" என்றது வரிசையில் ஒரு குரல்.

மேனேஜர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புது ஆளு. இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பெட்டியைத் திறங்க" என்றாள் ரெண்டரை.

புதுசு திறந்தாள். "குழந்தைக்கு என்ன வயசும்மா?"

"ரெண்டரை." பெட்டியை வாங்கிக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள். "இப்பக் கேட்டாங்க. இருக்கட்டும். நாளைக்கும் வந்து பாக்கறேன்."

அவள் மூலைக்குப் போனதும், அட்டை பிடித்தவர்களில் ஒருத்தி தாளோடு உள்ளே வந்து அவள் எதிரில் குனிந்தாள். "நாலு வருஷத்துக்கு முன்னால இந்த மேஜையில நடந்ததை விசாரிச்சுட்டுதான் வந்தேன். உங்களைவிட யாருக்கு உரிமை இருக்கு? பொம்மை வேணாம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

ரெண்டரை வாயிலிருந்து வாத்தை எடுத்தாள். "பொம்மை என்ன பண்ணுச்சு?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். வந்தவள் தாளை மடித்துக்கொண்டு வெளியே போனாள்.

கூட்டம் தணிந்ததும் புதுசு சட்டிப் பக்கம் போனாள். "நாலு வருஷத்துக்கு முன்னால என்னண்ணே நடந்தது?"

எண்ணெய் அண்ணன் கூடையைத் தூக்கி எண்ணெயை வடியவிட்டார். "இதே மாதிரி கூட்டம். சீக்கிரம் மூடு, சீக்கிரம் மூடுன்னு நம்ம மேனேஜர்தான் பின்னால நின்னு கத்தறாரு. வயசு கேக்காம, சக்கர வண்டியை வச்சு மூடியாச்சு. ரெண்டரை வயசுப் பிள்ளை. சக்கரம் கழண்டு தொண்டையில போய் நின்னுடுச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்த மேஜையிலதான் படுக்க வச்சிருந்தோம். வந்து பிரயோஜனம் இல்ல."

புதுசு மூலையைப் பார்த்தாள். தன்னுடைய பயம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. "பாவம்ணே. பெத்தவளுக்கு இதே வாசப்படியை மறுபடி மிதிக்க எப்படி மனசு வருது?"

"பெத்தவளா?" எண்ணெய் அண்ணன் கூடையைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ளையோட அம்மா அன்னையிலேர்ந்து இந்தத் தெருப் பக்கமே வரலை. இவ, நீ நிக்கற இடத்துல நின்னு அந்தப் பெட்டியை மூடினவ."