பெட்டைக்கும் பெட்டிக்கும்

“இன்னா நைனா, உன் டப்பாவுக்குள்ள சத்தம் கித்தம் வருதா, இல்ல எல்லாம் தூங்குதா?”

மதிற்சுவருக்கு அப்பால் நின்று வேம்புலி கேட்டார். சரவணக்குமார் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னைக்கு எட்டாவது நாள்தானேண்ணே. இன்னும் பதிமூணு நாள் இருக்கு. உங்க கோழி எப்படி இருக்கு?”

“அவ கல்லு மாரி குந்திகினு கீறா. கரண்ட் வந்தா இன்னா, போனா இன்னா அவளுக்கு? சரி, நான் ஆவடி போய் குருணை வாங்கிகினு வரேன்.”

கரண்ட் என்ற சொல் சரவணக்குமாருக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்றாம் நாள் கோவில்பதாகை முழுவதும் ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லாமற் போயிருந்தது.

நசரத்பேட்டையில் இருவரும் சேர்ந்து வாங்கிய இருபத்து நான்கு நாட்டுக்கோழி முட்டைகளுள் பன்னிரண்டு வேம்புலியின் அடைக்கோழிக்கும், பன்னிரண்டு சரவணக்குமார் இணையத்தில் தருவித்த குஞ்சு பொரிக்கும் மின்பெட்டிக்கும் போயின. இருபத்தொன்றாம் நாள் எந்தப் பக்கம் குஞ்சுகள் மிகுதியோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. வேம்புலிக்கு அது வெறும் விளையாட்டு. சரவணக்குமாருக்கு அவ்வாறன்று. மாடியறையில் அவன் போட்ட முதல் திராட்சை ஒயின் புளித்துக் காடியாகிவிட, இரண்டாம் ஜாடி ஊறிக்கொண்டிருக்கும்போதே மனைவி ஸ்வாதி கெடு விதித்திருந்தாள்.

“ஒயின்னு சொன்னீங்க, ஊறுகாய்க்குக் காடி கிடைச்சுது. இந்தப் பெட்டியும் பொரிக்கலைன்னா, பெட்டி, ஜாடி எல்லாம் காயலான் கடைக்குத்தான். அந்த ரூம்ல நான் டியூஷன் எடுக்கப்போறேன்.”

வேம்புலியின் சைக்கிள் தெருமுனையைத் தாண்டியதும், சரவணக்குமார் அறைக்கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். உயிர் வளரும் முட்டையாயின், எட்டாம் நாளில் உள்ளே சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் ஓடவேண்டும். அவனுடைய பன்னிரண்டிலும் ஒரு நரம்பும் இல்லை.

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் இரைக்கு எழும். அது எழுகிற நேரமும் அதுதான். அவன் முட்டைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு மதிலேறிக் குதித்தான். கோழியின் முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தான். பன்னிரண்டிலும் நரம்புகள் செழித்து ஓடின.

பிறர் செய்திருந்தால் அவன் காறித் துப்பியிருக்கக்கூடிய அந்தக் காரியம் ஐந்தே நிமிடங்களில் முடிந்தது. இரை தின்று திரும்பிய கோழி, செத்த முட்டைகளின்மீது பழைய கம்பீரம் சற்றும் குறையாமல் அமர்ந்துகொண்டது. உயிருள்ள பன்னிரண்டும் மின்பெட்டிக்குள் புகுந்தன. பெட்டிக்கு அன்றே இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுத்துவிட்டான்.

மாலையில் வேம்புலியே கேட்டார்: “நாளைக்கு ஆபீஸ் போறியே, மதியானம் வழக்கம்போல நான்தான் முட்டையத் திருப்பி உட்டு, தண்ணி ஊத்தணுமா?”

“ஆமாண்ணே. உங்களுக்குச் சிரமம்னா வேணாம்.”

“இன்னா சிரமம்? போட்டியில எதிராளிக்கே கூலி இல்லாம வேலை செய்ற ஆளு இந்த ஏரியாவுலேயே நான் ஒருத்தன்தான்.”

சரவணக்குமாரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதன் பிறகு முட்டைகளை வெளிச்சத்தில் பார்க்கவும் அவனுக்கு மனம் கூசியது. ஜெயித்ததும் வேம்புலியின் குடும்பத்துக்குப் பெரிய விருந்தாக வைத்துவிடுவது என்று முடிவு செய்து, மனத்தை ஒருவாறு ஆற்றிக்கொண்டான்.

இருபத்தொன்றாம் நாள் விடிந்தது. பெட்டி மௌனமாக இருந்தது. பத்து மணிக்கும் மௌனம். மாலை நான்கு மணிக்கும் அதே மௌனம். ஸ்வாதி கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“இதென்ன, தியானம் பண்ணுதா?”

அவன் பதில் சொல்வதற்குள் மதிலுக்கு அப்பால் கீச்சுக் கீச்சென்று ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தான். அடைக்கோழி இறக்கையை விரித்து நடந்துவர, அதன் பின்னால் பதினொரு குஞ்சுகள் உருண்டோடி வந்தன. அந்தக் கோழியின் அடியில் அவன் தன் கையாலேயே வைத்தவை செத்த முட்டைகள் அல்லவா?

“காயலான் கடைக்காரருக்கு போன் பண்றேன்” என்று சொல்லிவிட்டு ஸ்வாதி கீழே இறங்கிப் போனாள்.

சற்று நேரத்தில் வேம்புலி மாடியேறி வந்தார். வென்றவரின் முகமாக அது இல்லை. பெட்டியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“மன்னிச்சிக்கோ நைனா.”

“எதுக்குண்ணே மன்னிப்பு? நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே.”

“அதான் எனக்கும் புரியல. பெட்டி பொரிக்கலன்னா எல்லாம் காயலான் கடைக்குன்னு உன் ஊட்டுக்காரம்மா போன்ல பேசிகினு இருந்தது, நான் ஆவடி போய் குருணை வாங்கியாந்த மறுநாளு தண்ணி ஊத்த வந்தப்போ காதுல உழுந்துச்சி. மனசு கேக்கல. கரண்ட் போன அன்னிக்கே உன் முட்டைங்க காலின்னு எனக்குத் தெரியும். அதான், நீ ஜெயிக்கட்டும்னு, அந்தப் பேச்சக் கேட்ட மதியானமே என் கோழிகிட்ட இருந்த நல்ல முட்டை பன்னெண்டையும் உன் பெட்டியில வெச்சிட்டு, உன்னோட கெட்ட முட்டைங்கள எடுத்துகினு போய் அவளுக்கு வெச்சேன். அதையும் பொரிச்சிட்டு வந்து நிக்கிறா பாரு.”