ஒன்பதாவது கை

"தூக்குலதான் போடணும்! ஒருத்தன விடாமத் தூக்குல போடணும்!"

ஆஷிக்கின் சத்தத்தில், அரை கிளாஸ் கட்டிங் சாய்த் தட்டோடு வந்த வானமாமலை வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏலேய், மெள்ளப் பேசுடே. பக்கத்துப் பட்டறைக்காரன் கொலைகாரக் கும்பல்னு நெனச்சு போலீஸுக்குப் போன் போட்டுருவான்."

மும்பை தாராவியில் அது அவருடைய தோல்பை தைக்கும் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு லீவு. அன்று அதே அறையில் ஒன்பது பேர் பாயை விரித்து உட்கார்ந்து பர்மாவை ஆள்வார்கள்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பி வந்த பர்மாத் தமிழர்கள் அவர்கள். நாடு ஒருநாள் திரும்பக் கிடைக்கும், கிடைக்கும்போது புதுச் சட்டம் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். "ரேஷன் கார்டு கெடையாது, நாட்டுக்குச் சட்டம் எழுதுதாங்க" என்று வானமாமலை கேலி செய்வாரே தவிர, ஒரு ஞாயிறுகூட சாய் தவறியதில்லை.

அன்று முடிவுசெய்ய வேண்டிய சட்டப் பிரிவு இரண்டே வரி. மக்களைச் சுட்ட சிப்பாய்க்கு, மேலதிகாரியின் உத்தரவு என்று சொன்னாலும் மரண தண்டனை உண்டு. அவர்கள் இயக்கத்தின் கிளைகள் எத்தனையோ நாடுகளில் சிதறிக் கிடந்தன. எல்லாக் கிளைகளும் சாயங்காலத்துக்குள் தங்கள் முடிவை அனுப்பியாக வேண்டும்.

தலைவர் தமிழ்செல்வன் கைகளை எண்ணினார். பர்மாவில் ஹெட்மாஸ்டராக இருந்தவர், இங்கே மாட்டுங்காவில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறார். வேண்டும் என்று நாலு கை, வேண்டாம் என்று நாலு கை.

மாலதி மட்டும் இன்னும் கை தூக்கவில்லை.

ஆஷிக் சிரித்தேவிட்டான். "அப்ப பாஸாயிருச்சு சார். மாலதிக்கா எந்தப் பக்கம்னு கேக்கவா வேணும்?"

யாருக்கும் அதில் சந்தேகமில்லை. சுவரோரம் மேஜைமேல், ராணுவத்திடம் அவர்கள் பறிகொடுத்தவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் முன் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் கூட்டமே தொடங்கும். ஆஷிக்கின் அண்ணன் படத்துக்கு அடுத்து மாலதியின் ஒரே பிள்ளை வெயிலுமுத்துவின் படம். பத்தொன்பது வயது. காலேஜுக்குப் போன பையனை ராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குமேல் அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் அங்கே மரியாதை. அவன் படத்தின் முன்னால் மட்டும் மெழுகுவத்தி ஏற்ற அவள் விடுவதில்லை. பெற்ற மனசு நம்ப மறுக்கிறது, பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

செம்பூரில் இரண்டு வீடுகளில் சமைத்து முடித்து, ஆஷிக்குக்கென்று ஒரு டப்பாவில் அத்தோ கலந்து எடுத்துக்கொண்டு வருவாள். அந்த நூடுல்ஸை அங்கே அவனுக்கு அண்ணன்தான் வாங்கித் தருவானாம். அவன் சாப்பிடும்போது அவன் மொபைலைக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அண்ணன் சாவதற்குச் சற்று முன் மாடி ஜன்னலிலிருந்து எடுத்து அனுப்பிய வீடியோ அதில் இருந்தது. தெருவில் லாரி வந்து நிற்கும். சிப்பாய்கள் குதிப்பார்கள். வெடிச் சத்தம் கேட்கும், அதோடு முடிந்துவிடும். மாலதி அந்தச் சிப்பாய்களின் முகங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "அக்கா ஒருத்தன் மூஞ்சியவும் மறக்க மாட்டாங்க" என்று ஆஷிக் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

"உங்க முடிவு என்னம்மா?" என்றார் தமிழ்செல்வன்.

மாலதி மேஜையிலிருந்த படங்களைப் பார்த்தாள். "சின்னப் பயலுகளுக்கும் தூக்கா சார்?"

"சுடுறப்ப சின்னப் பயன்னு தெரியலையா?" ஆஷிக் முந்திக்கொண்டான். "கைய தூக்குங்கக்கா."

"வேணாம் சார்" என்று சொல்லி அவள் கையைத் தூக்கினாள்.

ஆஷிக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எழுந்துபோய் வெயிலுமுத்துவின் படத்தை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான்.

"எங்க அண்ணன விடுங்க. நீங்க பெத்த புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இவனுக்காகக்கூட மனசு மாற மாட்டீங்களா?"

"இவனுக்காகத்தான் தம்பி."

"புரியல."

வானமாமலை காலி கிளாஸ்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஏம்மா மாலதி, என்ன சொல்லுத?"

அவள் ஆஷிக்கிடம் கை நீட்டி மொபைலை வாங்கினாள். வீடியோவை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் தேடவேயில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, அவன் பக்கம் திருப்பினாள்.

"லாரிக்குப் பக்கத்துல, அளவு சேராத உடுப்பப் போட்டுக்கிட்டு, துப்பாக்கியப் புடிக்கத் தெரியாமப் புடிச்சிக்கிட்டு ஒருத்தன் நிக்கிறான் பாரு."

"தெரியுது." ஆஷிக் பல்லைக் கடித்தான். "இந்த நாயத்தான் மொதல்ல தொங்கவிடணும்."

மாலதி மடியிலிருந்த படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அதுதான் தம்பி, எம்முத்து."