பத்தாயிரம் ஆட்டம்

"இருபது ஆட்டத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சார்" என்றாள் பத்மாசினி.

போன வருஷம் கல்லூரிக்கு வந்திறங்கிய கம்ப்யூட்டருக்கு அவள்தான் ஆபரேட்டர். எதிரே, தாயக்கட்டம் வரைந்த காகிதத்தோடு, பழங்காநத்தத்தில் அவள் பக்கத்து வீட்டு நாகசுப்பிரமணியன்.

தாயம் ஆடும்போதுதான் அவர் மனைவி ஜானுவுக்கு நெஞ்சு வலித்தது. "காயைக் கலைச்சிராதீங்க, வந்து ஆடுறேன்" என்று ஆட்டோவில் ஏறியவள் திரும்பவில்லை. எட்டு மாதமாகக் காய்கள் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியே வீட்டைக் கூட்டினார், பக்கத்திலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்திருப்பார்கள் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கமில்லை. இரண்டு பேருக்கும் தானே கட்டை உருட்டி, விட்ட இடத்திலிருந்து இருபது முறை ஆடிப் பார்த்தார். பதிமூன்றில் அவருக்கே ஜெயம்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்களேம்மா?"

"சோறு ஒண்ணா வேகுது சார். கட்டை ஒவ்வொரு தடவையும் புதுசால்ல விழுது. கம்ப்யூட்டரைப் பத்தாயிரம் ஆட்டம் ஆடவிட்டாத்தான் உண்மை தெரியும்."

"அம்புட்டு ஆடினா மாறிருமா?" நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். தோற்றுவிடுவோமோ என்று மனுஷர் பயப்படுகிறார், பாவம் என்று நினைத்தாள்.

அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். நூறு ஆட்டத்தில் அவருக்கு ஐம்பத்து மூன்று வந்தது. ஆயிரத்தில் நானூற்று எழுபதாக இறங்கியது. பத்தாயிரம் முடிந்தபோது அவருக்கு நாலாயிரத்து அறுநூறுதான், மீதியெல்லாம் ஜானுவுக்கு.

கண்ணாடி வழியே பார்த்தாள். கட்டைகளை உள்ளங்கையில் உருட்டியபடி ஒற்றையாய் உட்கார்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை. முடிவு அச்சான காகிதத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"நீங்கதான் சார் ஜெயிக்கிறீங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. கட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாரேம்மா. இனி காயை எடுத்து வச்சிர வேண்டியதுதான்."

படியிறங்கியவர் நின்றார்.

"அன்னைக்கு ஒரு பந்தயம் போட்டோம். சாதி விட்டுக் கட்டிக்கிட்டுப் போன மகளை, ஜானு ஜெயிச்சா நானே போய்க் கூட்டிட்டு வரணும். நான் தோத்தா ஒழிய மக வாசப்படி மிதிக்க மாட்டேன்னு மீனாட்சி மேல சத்தியம் பண்ணித் தொலைச்சேன். எட்டு மாசமா, நான் தோத்திருக்கணும்னுதான் அந்த மீனாட்சிகிட்டயே வேண்டிக்கிட்டிருந்தேன்."

பத்மாசினி உள்ளே போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள், கசங்கிய காகிதத்தோடு செருப்புக்கூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினாள்.