நீச்சல் தடாகத்துக்கு ஒரு ஆள்

“அங்க காத்து எப்படி ஈக்குது?” கைபேசியின் திரையில் கணவனின் முகம் தெரிந்ததுமே ரம்ஸியா கேட்டாள்.

மாம்புரிக் கரையில் சோளகக் காற்று அடங்குவதாக இல்லை. படகுகளைத் தென்னைகளுக்குக் கிட்ட இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி விடியற்காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. நஸீமோ கப்பலில் இருந்தான்.

“இங்க ஒண்டுமில்ல புள்ள. பயப்படாத.” அதைச் சொல்லுமுன் அவன் கண்கள் திரைக்கு அப்பால் எங்கோ போய்த் திரும்பின.

அவனுக்குப் பின்னால் நீச்சல் தடாகம் தெரிந்தது. நீலத் தண்ணீர் கண்ணாடி விரித்தாற்போல் கிடந்தது. கரையில் கிடந்த வெள்ளைக் கதிரையின் கால்கள்கூட அதில் தலைகீழாகத் தெரிந்தன. உல்லாசக் கப்பலின் மேல்தட்டில் அந்தத் தடாகத்தைத் துப்புரவாக வைத்திருப்பதுதான் அவனுடைய வேலை. எப்போது பேசினாலும் அங்கே இருந்துதான் பேசுவான்.

டீசல் கிடைக்காமல் படகுகள் கரையில் காய்ந்த வருஷத்தில், முந்தலிலிருந்து வந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் அவனை அனுப்பிவைத்தார். இப்போது அதே கப்பலில், அதே தடாகத்துக்கு, இன்னும் ஒரு ஆள் வேண்டுமாம். ரம்ஸியாவின் தம்பி முஸம்மில் உள்ளே சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தான். பின்னேரம் வான் வரும்.

“தம்பிய இண்டைக்கே அனுப்பவா? இல்லாட்டி இந்தக் காத்து போகட்டுமா?”

நஸீம் மறுபடியும் திரைக்கு அப்பால் பார்த்தான். பிறகு, “அனுப்பு. நல்ல வேலை. நல்ல சாப்பாடு. நல்ல ஆக்கள்” என்றான், மனப்பாடம் செய்ததை வகுப்பில் எழும்பி நின்று ஒப்பிக்கிற பிள்ளையைப்போல. உடனே தொடர்பு அறுந்தது.

நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனின் கன்ன எலும்பு ஏன் இப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அவள் யோசித்தாள். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும். ஆனால் சிறு வயதிலிருந்தே கடலில் கிடந்தவனாயிற்றே.

மனம் கேட்கவில்லை. வேலியோரம் போனாள். அடுத்த வளவு றோசமேரி இப்படியொரு கப்பலில் பல வருஷம் அறை துப்புரவு செய்துவிட்டு ஊர் திரும்பியவள்.

“இந்தக் காத்துக்குக் கப்பல் தாங்குமா அக்கா?”

“தாங்கும் புள்ள. இதைவிடப் பெரிய காத்தெல்லாம் நான் கண்டிருக்கிறன்.” றோசமேரி கொடியில் படபடத்த சேலையைப் பிடித்து இழுத்தாள். “கடல் பொங்கினா முதல்ல பூல் தண்ணியத்தான் திறந்து விடுவாங்கள். மேல வலை கட்டிருவாங்கள். இல்லாட்டி அந்தத் தண்ணி எழும்பி ஆளையே தூக்கி அடிச்சிரும்.”

“சும்மா நாள்ல?”

“சும்மா நாள்லயும் அது ஒரு இடத்துல நிக்காது. கோப்பியக் கையில வச்சிக்கொண்டு நடந்தா எப்படி? அப்படித்தான், தளும்பிக்கொண்டே இருக்கும். கப்பல் எந்தப் பக்கம் சரிஞ்சாலும் அந்தத் தண்ணிதான் முதல்ல தெரிஞ்சுகொள்ளும்.”

“அவர்ட பூல் நிரம்பித்தானே ஈக்குது” என்றாள் ரம்ஸியா. “இப்பதான் பார்த்தன்.”

“பிறகென்ன? திறந்து விடாட்டிக் கடல் நல்லாத்தான் இருக்கு. நீ போய்த் தம்பிய வழியனுப்பு.”

ரம்ஸியாவுக்கு மூச்சு வந்தது. வீட்டுக்கு வந்து மாசிச் சம்பலை ஒரு போத்தலில் அடைத்து, கணவனுக்கென்று தம்பியின் சூட்கேஸுக்குள் வைத்தாள். முஸம்மில் புதுச் சட்டையோடு கண்ணாடி முன்னால் நின்றான். “மச்சான் குளத்தக் கழுவட்டும் ராத்தா. நான் நீந்தப் போறன்” என்று சிரித்தான்.

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் வான் வந்து ஒழுங்கையில் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட வான். உள்ளே இன்னும் இரண்டு பொடியன்கள் இருந்தார்கள். சாரதி இறங்காமலே ஹோன் அடித்தான்.

முஸம்மில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அப்போது ரம்ஸியாவின் கைபேசி அடித்தது. நஸீம்தான்.

“தம்பி வெளிக்கிட்டானா?” அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“ஓம். இந்தா, ஏறப் போறான்.”

நஸீம் பக்கவாட்டில் ஒரு தரம் பார்த்தான். யாரோ தூரத்தில் புரியாத பாஷையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டவைத்தாற்போல் இருந்தது. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

“ஏத்தாத.”

“என்ன?”

“தம்பிய ஏத்தாத, ரம்ஸியா. ஓடு.”

அவள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். ஒரு காலை வானுக்குள் வைத்திருந்த முஸம்மிலின் புதுச் சட்டையைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள். “இறங்கு. இறங்குடா.” சட்டை கிழிந்தது. அவன் தடுமாறி மணலில் இறங்கினான். சாரதி திரும்பிப் பார்த்தான். வானுக்குள் இருந்த இரண்டு பொடியன்களும் பார்த்தார்கள்.

“உங்களுக்கென்ன பைத்தியமா, ராத்தா?” முஸம்மில் கோபத்தோடு கைபேசியைப் பறித்தான். “மச்சான், என்ன இது? வேலை இல்லையா?”

திரையில் நஸீமின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் கழுத்தைப் பற்றியது. அவன் அதைத் தட்டிவிட முயலவில்லை. முஸம்மிலின் கண்களையே பார்த்துச் சொன்னான்.

“நான் கப்பல்ல இல்ல மச்சான்.”