மாடிவீட்டு இசைத்தட்டு

“அந்தச் சனியனை நிறுத்துறீங்களா, இல்லையா சார்?”

“சனியன் இல்ல டீச்சர், ஹிப்பிங்க காலத்து ராக்! ஒரே பாட்டு இருபது நிமிஷம். பாதியில நிறுத்தினா பாவம்.”

“இருபது நிமிஷமும் ஒருத்தன் கிட்டாரோட கழுத்தை நெரிக்கிறான். அது பாவம் இல்லையா?”

தினமும் மாலை ஆறு மணிக்கு மாடிப்படியில் இதே சண்டைதான். கீழ்வீட்டு டீச்சர் கணவரை இழந்தவர். மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கல்யாணமே ஆகாதவர். எதிர்வீட்டில் இருக்கும் எனக்குப் பாட்டு எட்டாது. சண்டை மட்டும் தெளிவாகக் கேட்கும். நானோ மனசுக்குள் அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

அன்று டீச்சர் குரல் உடைந்தது. “இனிமே நிம்மதியா கேளுங்க. பையன் கூப்பிடுறான். அடுத்த வாரம் கிளம்புறேன்.”

கடைக்காரர் திரும்பி உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. டீச்சர் இறங்கியதும் மாடியேறினேன்.

“கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சிருந்தா அவங்க போவாங்களா சார்?”

அவர் பிளேயரின் மூடியைத் திறந்தார். இசைத்தட்டின் மேல் விரல் பதியும் அளவுக்குத் தூசி.

“ஊசி உடைஞ்சு எட்டு மாசமாச்சும்மா.”

“அப்போ டீச்சர் தினமும் எதுக்கு வந்து கத்தினாங்க?”

“ஊசி உடைஞ்ச முதல் நாளே அதைக் கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தா, மறுநாள் வந்திருக்க மாட்டாங்களே.”

டீச்சர் மகனோடு போய்விட்டார். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்திருக்கிறது. மாடியில் இடியே விழுந்தாலும் அவர்களுக்குக் கேட்காது.