கல்லுளிமங்கன்

முதல் அடிக்குத் தெருவே கேட்கும்படி அலறியவன், இரண்டாவது அடிக்கு ஒரு முனகல்கூட விடவில்லை. அதுதான் ஆய்வாளருக்கு வெறியைக் கிளப்பியது.

“கத்தியை எங்கடா போட்ட?”

பழைய இரும்புக் கடைக்காரனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பங்காளியைக் குத்திவிட்டு ஓடி, விடிவதற்குள் பிடிபட்டவன். தடி முழங்காலில் இறங்கியது. உடம்பு வில்லாக வளைந்தது, வாய் கோணியது. ஒரு வார்த்தை வரவில்லை.

“சரியான கல்லுளிமங்கன்யா இவன்!”

மறுபடியும் தரை சரிந்தது. ஆய்வாளர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக இதே தொல்லை. எழுந்து நின்றால் படகில் நிற்பதுபோல் ஆடும்.

“உங்க உடம்பைக் காக்குற படையே உங்களை எதிரின்னு நெனச்சுத் தாக்குது சார்,” என்று டாக்டர் சொல்லியிருந்தார். “அடி காதுக்குள்ள விழுது. அதான் நடை தடுமாறுது. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, விபரீதமாயிடும்.”

மாத்திரை முகத்தை ஊத வைத்தது. ‘சாருக்கு தினமும் மாமியார் வீட்டு விருந்து போல’ என்று ஸ்டேஷனில் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பத்து நாளைக்கு முன் அட்டையோடு குப்பையில் வீசிவிட்டார். தலைசுற்றல்தானே, சுவரைப் பிடித்து நடந்தால் போயிற்று.

தரை நின்றதும் தடியை ஓங்கினார். விரல்கள் நொறுங்கின. இன்னொரு அடியில் ரத்தத்தோடு பல் தெறித்து விழுந்தது. அப்போதும் மௌனம். இருபது வருட சர்வீஸில் இப்படியொரு நெஞ்சழுத்தக்காரனை அவர் பார்த்ததில்லை.

“சொல்லுடா! சொல்லுடா!” தொண்டை எரிந்தது.

பின்னாலிருந்து யாரோ தடியைப் பிடுங்கினார்கள். ஸ்டேஷன் ரைட்டர். முகம் வெளிறிப்போய் ஒரு தாளை நீட்டினார்.

‘நான்தான் குத்தினேன். கத்தி என் கடைத் தராசுக்கு அடியில் இருக்கிறது.’ ரைட்டரின் கையெழுத்தில் முழு வாக்குமூலம். மேலே நேரம் குறித்திருந்தது: காலை பத்து ஐந்து.

சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். கடைக்காரனின் வாய் அகலத் திறந்திருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ரைட்டர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார், உதடுகள் படபடவென்று அசைந்தன. வாசலில் குவிந்த காவலர்களின் வாய்களும் அப்படியே.

“ஏன்யா... யாருமே பேச மாட்டேங்கிறீங்க?”