கிரேக்கப் பட்டம்

பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்பாவிடம் பேச உட்கார்ந்தேன். பாத்திரம் கரிந்து, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் தெரிந்தது. காய்ச்சல் வந்துபோனதிலிருந்து என் மூக்கு முகத்தின் அழகுக்கு மட்டும்தான். அந்த வேலையையும் சுமாராகவே செய்கிறது. டாக்டர் என்னை 'அனோஸ்மிக்' என்றார். வாசனை அறியாதவன் என்பதற்குக் கிரேக்கச் சொல்லாம். பட்டம் வாங்கியதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை, காலில் புண். நாற்றம் வந்தால் உடனே கூட்டிவர வேண்டும், தாமதித்தால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று அதே டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். ஆள் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

பார்க்க வந்தவர்கள் வாசலோடு நலம் விசாரித்துப் போனார்கள். அக்கா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை.

"புண்ணு நாறுதாக்கா?"

"எனக்குச் சளிடா."

"அப்புறம் எதுக்கு இத்தனை ஊதுபத்தி?"

அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைல்ல?"

அன்று புதன்.

அவள் போனதும், வழக்கம்போல் சோற்றுத் தட்டோடு அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்கப்பா. நாறுதா?"

அப்பா என் தட்டையே பார்த்தார்.

"அழுகிப்போச்சுடா. எனக்கே குமட்டுது. நீ ஒருத்தன்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிடுறே. அதான் சொல்லலை."